வளர்க்கச் சொன்ன களை

கங்கா பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டரம்மா அவளைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு களையைக் காட்டினார்.

"இதச் சாகாமப் பாத்துக்கணும், கங்காக்கா. கூட்டிப் பெருக்கறதெல்லாம் அப்புறம். மொத வேல இதுதான்."

கங்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் களையைச் சாகடித்தே சம்பளம் வாங்கியவள் அவள். முதலில் ரப்பர்க் காட்டில் அரிவாள். பிறகு தோட்டத்தை எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாற்றியதும் முதுகில் மருந்துத் தொட்டி. லாலான் புல்லின் மேல் நீல மருந்தை அடித்துக்கொண்டே காலையிலிருந்து மத்தியானம் வரை நடப்பாள். அந்த மருந்தில் அவளுக்கு வலது கை நகம் மூன்று கழன்று விழுந்தது. முளைத்தபோது கோணலாக, மஞ்சளாக முளைத்தது. மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்த பிறகும் இரண்டு வருஷம் அடித்தாள். ஒருநாள் காட்டிலேயே மயங்கி விழுந்தபோதுதான் புருஷன் சேது, "போதும்லா, நீ வீட்ல இரு" என்று தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டச் சொல்லிவிட்டான். சேதுவுக்கு எண்ணெய் ஆலையில் கொதிகலன் வேலை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தைக் காலி செய்து ஈஜோக்கில் ஒரு பலகை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். முடியவில்லை. எண்பத்து நாலாம் வருஷம் மே மாதம் கோலசிலாங்கூருக்கு பஸ் ஏறி, கிளினிக்கில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட இடத்துக்கு வந்து நின்றாள்.

டாக்டர் மாடில்டா சபாக் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண். வயது முப்பத்தெட்டு. பல் பிடுங்க வரும் பிள்ளைகள் வாசலிலேயே அழுகிறார்கள் என்பதற்காக, ஆட்கள் காத்திருக்கும் அறையில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்திருந்தார். கடல் மீன்கள். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று, கோடு போட்டவை மூன்று, நெருப்புக்குச்சிப் பெட்டி அளவில் பளீரென்ற நீல மீன் ஒன்று. நீலத்தைப் பார்த்துவிட்டால் எந்தப் பிள்ளையும் அழுகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடும்.

முதல் வருஷம் மீன்கள் வாங்க வாங்கச் செத்தனவாம். டாக்டரின் அண்ணன் அம்புரோஸ் கப்பலில் இன்ஜினியர். ஜெர்மனிக்காரர்கள் மீன் வளர்ப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் படம் வரைந்து கடிதம் போட்டார். அந்தப் படத்தின்படி அமைத்ததுதான் பின்னறைத் தொட்டி. முன்தொட்டித் தண்ணீர் சுவர் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி இந்தச் சின்னத் தொட்டிக்குள் விழும். ஒரு மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிடும். சின்னத் தொட்டியில் மீன் கிடையாது. மணலும் இரண்டு கல்லும், அவற்றின் மேல் பச்சைப் பசேலென்று கோழி இறகு மாதிரி நிமிர்ந்து நிற்கும் கடற்பாசியும்தான்.

"மீனோட அழுக்கெல்லாம் தண்ணியில கரைஞ்சு கெடக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அது இந்தப் பாசிக்குச் சாப்பாடு" என்றார் டாக்டர். "அத இது எடுத்துக்கிட்டு வளந்துச்சுன்னா தண்ணி சுத்தமாயிடும். வளந்ததுல கொஞ்சத்த வாராவாரம் நாம எடுத்து வெளிய போட்டுடணும். அழுக்கு அதோட வெளிய போயிடும். புரியுதா, கங்காக்கா?"

கங்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அழுக்குதான் இதுக்கு உரம்."

"ஆமா, உரம்தான்."

"தோட்டத்துல செம்பனைக்குப் போடுற உரத்த இது திருடுதுன்னுதாங்க நாங்க களையக் கொன்னோம். இங்க திருடட்டும்னு வளக்குறீங்க."

"எங்கண்ணன் ஆறு பக்கம் எழுதியிருந்தாரு. இவ்வளவுதான் விஷயம்" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் சேதுவிடம் சொன்னபோது அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "கடற்பாசியா? விருந்துக்குக் கலர் கலராக் காய்ச்சி வெட்டி வெப்பாங்களே, அதுவா?"

"அது இல்லங்க. இது திங்கிற பாசி இல்ல. தண்ணியக் கழுவுற பாசி."

"தண்ணியத் தண்ணியாலதான் கழுவுவாங்க. நீ நல்லா வேலை பாத்த போ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

வேலை பிடிபட ஒரு மாதம் ஆனது. வெயிலுக்குத் தண்ணீர் வற்றும். வற்றுவது நல்ல தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு நாடா வரைக்கும் நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும். உப்பு சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. முன்தொட்டியின் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்படும்போது பின்னறை டியூப் விளக்கைப் போட வேண்டும். விடிய விடிய அது பாசிக்கு வெயில். வாரம் ஒரு தடவை கொஞ்சம் பழைய தண்ணீரை மாற்றக் கடல் தண்ணீர் வேண்டும். கடல் இரண்டு மைல் தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் உதவாது. ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு. தெளிந்த நீலக் கடல் தண்ணீர் பங்கோர் தீவிலிருந்து வரும். லுமுட்டிலிருந்து கிள்ளானுக்கு நெத்திலிக் கருவாடு ஏற்றிப்போகும் லோரிக்காரர் நல்லசாமி வியாழக்கிழமைதோறும் எட்டு டின் கடல் தண்ணீரை இறக்கிவிட்டுப் போவார்.

இத்தனையும் செய்தாளே தவிர, தண்ணீரில் கையை மட்டும் விடமாட்டாள். மரக்கரண்டியால் கிளறுவாள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்வாள். ஏன் என்று டாக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மருந்தில் ஊறிய கை. தோலுக்குள் அது இன்னும் இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீட்டு வாசலில் அவள் வைத்த துளசிகூட இரண்டு முறை கருகிப் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரே பாசியைக் கத்தரிக்க வந்தார். பல் வேலைக்கு வைத்திருந்த சிறு கத்தரிக்கோலால் உயரமான இலைகளை நறுக் நறுக்கென்று வெட்டினார். வெட்டிய இடத்திலிருந்து கஞ்சி மாதிரி ஏதோ கசிந்தது. கங்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டாக்டரம்மா, நறுக்காதீங்க. அது வடியுது பாருங்க."

"பின்ன எப்படி எடுக்கறது?"

கங்கா கையுறையைக் கழற்றினாள். யோசிக்கவே இல்லை, யோசித்திருந்தால் கழற்றியிருக்கமாட்டாள். தண்ணீருக்குள் விரலை விட்டு, மணல்மேல் கயிறு மாதிரி ஓடிய பாசிக்கொடியின் நுனியைத் தேடிப் பிடித்தாள். அது வேர் ஊன்றிய ஒவ்வொரு இடத்திலும் மணலை இளக்கிக்கொண்டே போய், முழங்கை நீளக் கொடியை இலைகளோடு, எங்கேயும் அறுபடாமல் முழுசாக உருவி எடுத்தாள். தண்ணீர் கலங்கக்கூட இல்லை.

"லாலானும் இப்படித்தாங்க ஓடும். மேல வெட்டி என்னா செய்ய? கொடியோட உருவணும்."

டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இனிமே நான் இதுல கை வைக்கல. உங்க பாடு."

அதற்குப் பிறகு கையுறையைக் கங்கா தேடவில்லை. நாலைந்து நாள் பயந்து பயந்து பாசியைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. காலையில் வந்ததும் பின்னறைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். இலைகளுக்கு நடுவே எள்ளு அளவில், அரிசி அளவில் இறால் மாதிரிப் பூச்சிகள் துள்ளும். முன்தொட்டிக்குப் போனால் மீன் ஒரே வாயில் விழுங்கிவிடும். இங்கே மீன் இல்லாததால் அவை பெருகிக்கொண்டிருந்தன. தன் கைபட்ட இடத்தில் ஒன்று இப்படிச் செழிப்பதை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். அதை வீட்டில் சொல்லத் தெரியவில்லை. "தண்ணி நல்லாருக்கு" என்று மட்டும் சேதுவிடம் சொல்வாள்.

நவம்பரில்தான் தப்பு நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கொடிகளை உருவி வாளியில் போட்டுவிட்டுத் திரும்பியவள், காய ஆரம்பித்த பாசிக்குள் அந்தச் சின்னப் பூச்சிகள் துடிப்பதைப் பார்த்துவிட்டாள். அடுத்த வாரம் அவளால் உருவ முடியவில்லை. போகட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரமும் விட்டாள். "பிடுங்கியாச்சா?" என்று டாக்டர் கேட்டார். "ஆச்சுங்க" என்றாள். தண்ணீர் எப்போதும்போலத் தெளிவாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாசி கண்ணாடியோடு கண்ணாடி முட்டிக்கொண்டு, மணல் தெரியாமல், கிள்ளினாலும் விரல் நுழையாத அடர்த்தியில் நின்றது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கிளினிக்கை நாலு நாள் பூட்டிவிட்டு டாக்டர் சபாக்கில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனார். கங்கா தினமும் வந்து மீனுக்குத் தீனி போட்டுவிட்டுப் போனாள். டியூப் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. டாக்டர் வந்ததும் புதிது மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் வியாழக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. பின்னறைக்கு ஓடினாள். பாசி முழுக்க வெளுத்துக் கிடந்தது. நேற்றுவரை பச்சையாக நின்ற ஒவ்வொரு இலையும் நனைந்த தாள் மாதிரி உள்ளே ஒன்றுமில்லாமல் தொங்கியது. தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர். முன்னறைக்கு வந்தாள். அங்கேயும் அதே கலங்கல். மீன்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

கை தானாக வேலை செய்தது. முதலில் மோட்டாரை நிறுத்தினாள், அந்தத் தண்ணீர் இனிமேலும் ஏற வேண்டாம் என்று. மூலையில் போன வாரத்து டின் இரண்டு மீதமிருந்தது. இரண்டு வாளிகளைக் கழுவி அதை ஊற்றினாள். மீன்களை ஒவ்வொன்றாக வலையில் அள்ளி வாளிக்கு மாற்றினாள். காற்றடிக்கும் குழாய் ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு வாளிக்குள் போட்டாள். மற்ற வாளிக்குக் கைதான். கோப்பையில் தண்ணீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து ஊற்றுவாள். மறுபடி மொள்ளுவாள், ஊற்றுவாள். டீ ஆற்றுகிறவன்போல அதையே செய்துகொண்டிருந்தாள். தோள் கடுத்தபோது கை மாற்றிக்கொண்டாள். டாக்டரின் அம்மா வீட்டுக்குத் தொலைபேசி எண் இருக்கும். ஆனால் அது பூட்டிய மேசைக்குள் இருக்கும்.

நீல மீன் பத்து மணிக்குச் சாய்ந்தது. அவள் அதைக் கையில் ஏந்தித் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

பன்னிரண்டரைக்கு நல்லசாமி முதல் டின்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தரையெல்லாம் தண்ணீர், நடுவில் வாளியோடு கங்கா.

"என்னா தங்கச்சி இது?"

"அண்ணே, கேக்காதீங்க. எல்லா டின்னையும் கொண்டாங்க."

அவர் கேட்கவில்லை. எட்டு டின்னையும் இறக்கினார். இரண்டு பேருமாகக் கெட்ட தண்ணீரை இறைத்து வடிகாலில் ஊற்றினார்கள். வெளுத்த பாசியை வாரிச் சாக்கில் கட்டினார்கள். கண்ணாடியைத் துடைத்து, முன்தொட்டியைப் பாதிவரை புதுத் தண்ணீரால் நிரப்பி மீன்களை விட்டபோது மணி மூன்றரை. ஆரஞ்சு மீன் இரண்டும் கல்லுக்குள் போய் ஒளிந்தன. மஞ்சள் மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. நல்லசாமியின் கருவாட்டு லோரியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "சரக்குக்குக் காத்திருக்கற கிள்ளான் தவுக்கே ஏசுவான். ஏசட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

கங்கா சாயங்காலம்வரை இருந்து பார்த்தாள். மீன்கள் கீழ்மட்டத்துக்கு இறங்கிவிட்டன என்று நிச்சயமான பிறகு பூட்டி, சாவியைப் பக்கத்து மளிகைக்கடையில் கொடுத்தாள். "டாக்டரம்மா காலையில வருவாங்க. குடுத்துடுங்க. நான் இனிமே வரமாட்டேன்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சேதுவிடம் ஒரே வரியில் சொன்னாள். "என் கையில இருக்கறது போகலங்க. பாசியையும் கொன்னுருச்சு."

சேது அவள் கையைப் பிடித்தான். அவள் உருவிக்கொண்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் டாக்டரின் வெள்ளைக் கார் செம்மண் ரோட்டில் தூசு கிளப்பிக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நின்றது. தோட்டத்தில் கிராணி வீட்டு ஆட்கள் லயத்துப் பக்கம் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் சேது தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "ஒக்காருங்கண்ணே" என்று அவனை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது.

"நல்லசாமி கிள்ளான்லேர்ந்து போன் போட்டாரு. என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு. மீன் நல்லாருக்கு, கங்காக்கா. ஏன் வேலைய விட்டீங்க?"

கங்கா இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். கோணல் நகங்கள் மூன்றும் தெரிய விரித்துக் காட்டினாள். "இதாங்க. மருந்தடிச்ச கை. நான் தண்ணியில விட்டிருக்கக் கூடாது. ஆறு மாசமா ஊறி ஊறி, அன்னைக்கு வேலையக் காட்டிருச்சு."

டாக்டர் போத்தலைக் கீழே வைத்தார். பல் பார்க்கும்போது செய்வதுபோலவே அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"நகம் போனதுக்கு மருந்துதான் காரணம். மூக்குல ரத்தம் வந்ததுக்கும் அதுதான். அந்த அநியாயத்த நான் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முந்தியே விட்டுட்டீங்க. கையிலேர்ந்து தண்ணிக்குப் போறதுக்கு இப்ப ஒண்ணுமில்ல. போகும்னா மொத மாசமே பாசி செத்திருக்கணும்."

"பின்ன ஏங்க செத்துச்சு?"

"நான் ஒண்ணு கேக்கறேன். நெசத்தச் சொல்லுங்க. கடைசியா எப்ப உருவினீங்க?"

கங்கா தரையைப் பார்த்தாள். சேது அவளைப் பார்த்தான்.

"அஞ்சு வாரம் ஆச்சுங்க. ஆச்சு ஆச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அதுக்குள்ள பூச்சிங்க துடிச்சிச்சு. மனசு வரல. இவ்வளவு வருஷம் பிடுங்கிட்டேன், இத விட்டுடலாம்னு..."

டாக்டர் முகத்தில் கொஞ்சம் கோபம் இருந்தது. மறைக்கவும் இல்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு கைப்பையிலிருந்து அண்ணனின் பழைய கடிதத்தை எடுத்தார். "நேத்து ராத்திரி திரும்பப் படிச்சேன். நாலாவது பக்கம். நானும் அப்ப சரியாப் படிக்கல. இந்தப் பாசி எடமில்லாம அடைஞ்சு போனா, வெளிச்சம் கொறஞ்சு போனா, இனிமே இங்க பொழைக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்குமாம். ஒடம்புல இருக்கறது அத்தனையும் விதையாக்கி ஒரே நேரத்துல தண்ணியில விட்டுடுமாம். அப்புறம் வெறுங்கூடுதான் மிஞ்சும். அந்த வெள்ளைத் தண்ணி முழுக்க விதை. அது மீனுக்கு மூச்சு முட்டும்."

"அப்ப விதைச்சிட்டுத்தான் செத்துச்சா?"

"ஆமா. உங்க கை கொல்லல. நீங்க பாவம் பாத்ததுதான் தப்பு. ஆனா அன்னைக்கு நீங்க வாளியோட ஒக்காரலன்னா மீனு ஒண்ணுகூட இருக்காது."

கங்கா அழுதாள். பெரிதாக இல்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதாள். தப்பு தன்மேல் இருந்ததுகூட அவளுக்கு அப்போது பாரமாகத் தெரியவில்லை. சேது எழுந்து உள்ளே போய்த் தேநீர் கலக்கிக்கொண்டு வந்தான். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு அவன் கையால் தேநீர் கொடுப்பது அதுதான் முதல் முறை. சர்க்கரை அதிகம். டாக்டர் முழுதும் குடித்தார்.

போகும்போது ஜாம் போத்தலைக் கங்காவிடம் நீட்டினார். கடல் தண்ணீருக்குள் சுண்டுவிரல் நீளக் கொடி ஒன்று. இரண்டே இரண்டு இலை. பச்சை.

"மீன் இருந்த வாளியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இதை எப்படி நடறதுன்னு எனக்குத் தெரியாது."

கங்கா மூடியைத் திறந்து, ஒரு விரலை உள்ளே விட்டு, கொடியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். "கணு நல்லாருக்கு. மணல்ல படுக்க வெச்சு மேல சின்னக் கல்லு வெக்கணும். புதைக்கக் கூடாது" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை வர்றேங்க" என்றாள்.

கொடி பிடித்துக்கொள்ளப் பத்து நாள் ஆனது. பொங்கலுக்கு ஆறு இலை. பங்குனி மாதம் முதல் தடவையாக உருவ வேண்டிய அளவுக்கு மணலை மூடியது. அந்த வெள்ளிக்கிழமை கங்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொடியை உருவி எடுத்ததும் வாளியில் போடாமல், தொட்டித் தண்ணீருக்குள்ளேயே நாலைந்து தடவை மெதுவாக அலசினாள். பூச்சிகள் பாதிக்கு மேல் கழன்று திரும்ப உள்ளே போயின. மீதியை அவள் எண்ணவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கொட்டினாள். டியூப் விளக்கு இப்போது இரவு பகல் எந்நேரமும் எரிந்தது. அதுவும் அம்புரோஸ் கடிதத்தின் நாலாவது பக்கத்தில் இருந்ததுதான். நீல மீன் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. மீன் விற்கும் கடைக்காரர் வேறு ஒன்று கொடுத்தார். அது இருட்டு நிறம். பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எண்பத்தாறில், டாக்டர் மாடில்டாவோடு படித்த பாலகிருஷ்ணன் என்ற பல் டாக்டர் ரவாங்கில் புதுக் கிளினிக் திறந்தார். அவருக்கும் மீன்தொட்டி ஆசை. உருவிய பாசியை ஈரச் சாக்கில் சுற்றி ஒரு தூக்குவாளியில் வைத்துக்கொண்டு கங்கா பஸ்ஸில் ரவாங்குக்குப் போனாள். மகளைப் பார்க்கப் போகிறவள் மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

பாலகிருஷ்ணன் வெளிநாட்டில் படித்தவர், நிறையக் கேள்வி கேட்டார். உப்பு எவ்வளவு, விளக்கு எத்தனை வாட்டு, மோட்டார் எந்தக் கம்பெனி. தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை டாக்டரம்மாவிடம் கேட்கச் சொன்னாள். கொடியை மணலில் படுக்கவைத்து, கூழாங்கல்லை மேலே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முக்கியமா ஒண்ணுங்க, டாக்டர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உருவணும். அழகா இருக்குன்னு விட்டுடாதீங்க."

"விட்டா என்னாகும்?"

கங்கா கொஞ்சம் யோசித்தாள். "எங்க தொட்டியில ஒரு நீல மீன் இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல், பொய் சொன்னது உட்பட முழுவதையும் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சொல்லி முடித்தபோது ஈஜோக் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து, தண்ணீர் தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.